தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்?

கறார் கணக்கர்:
நேற்று மழைத்துளி மேடம் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து ஒரே எரிச்சல். "கதையில் வரும் காதல் நாயகனுக்காக ஏங்காதீர்கள், அவன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். நான் தினமும் புத்தகம் படித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். என் கணவர் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கூட்டில் வைத்துவிட்டு விளக்கை அணைப்பார்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே இதயம் இதயமாகக் கொட்டிக் கிடக்கிறது. என் கேள்வி ஒன்றுதான். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

மழைத்துளி:
காலையில் கண்ணாடி கூட்டில் இருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். கணக்கர் என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கூட்டல் வராதா?

கறார் கணக்கர்:
கூட்டில் இருந்தது உண்மை. யார் வைத்தார் என்பது ஊகம். நடு இரவில் சில நொடி விழித்துச் செய்யும் காரியம் காலையில் பலருக்கு நினைவிருக்காது. நீங்களே கழற்றி வைத்திருக்கலாம். சரி, கழற்றியது அவர்தான் என்றே வைத்துக்கொள்வோம். "துடைத்து" என்கிறீர்களே, அதைப் பார்த்தது யார்?

நூலகப் பூனை:
ஐயா, ஒரு பெண் தன் கணவரை நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? குறட்டை விவாதத்திலும் இப்படித்தான், பதிவு செய்த ஒலியைக் கொண்டு வா என்று நின்றீர்கள்.

கறார் கணக்கர்:
குறட்டை விவாதத்தில் கடைசிவரை யாரும் ஒலியைக் கொண்டு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் பூனையாரே.

அரைத்தூக்கம்:
நான் மழைத்துளி அக்கா பக்கம். கதை நாயகனுக்கு ஒரே ஒரு வெள்ளம் வரும், ஒரே ஒரு வில்லன் வருவான், ஒரு தடவை காப்பாற்றினால் போதும், கல்யாணத்தோடு கதை முடிந்துவிடும். கணவனுக்கு அப்படியா? தினமும் ராத்திரி அதே கண்ணாடி, அதே கூடு. கைதட்ட ஆள் கிடையாது. அதுவும் மனைவி தூங்கிய பிறகு செய்கிறார், நல்ல பேர் வாங்கக்கூட வழியில்லை. இதை வேறு என்னவென்று சொல்வது?

கறார் கணக்கர்:
"தினமும்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் தம்பி? மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறேன். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்?

வேம்பு:
எனக்கு வேறு சந்தேகம். எதால் துடைக்கிறார்? பனியன் முனையாலா? இப்போது வருகிற லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக். தூசி இருக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் மேல்பூச்சு கீறிக்கொண்டு போகும். முதலில் தண்ணீரில் கழுவி, அப்புறம் கண்ணாடியோடு தருகிற அந்த மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். காதல் நாயகன் லென்ஸைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

அரைத்தூக்கம்:
வந்துவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து போய்க் கண்ணாடியைக் கழுவிக்கொண்டு வர வேண்டுமாம்.

வேம்பு:
கழுவத் தெரியாதவர் தொடாமல் வைக்கலாமே. என் லென்ஸில் கீறல் விழுந்து தலைவலியோடு அலைந்தது எனக்குத்தான் தெரியும். துடைத்தவர் யார் என்று கேட்காதீர்கள்.

நூலகப் பூனை:
கொஞ்சம் படித்தவற்றையும் பேசுவோமா? உளவியலாளர் சாண்ட்ரா மர்ரே குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துணையை, அவர் தன்னைப் பற்றி நினைப்பதைவிடக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கிறவர்களின் உறவு கூடுதல் நிறைவாக இருந்தது என்கிறார்கள். மழைத்துளி செய்வது அதுதான். தம்பதிகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன் இன்னொரு கணக்குச் சொல்கிறார்: ஒரு கசப்புக்கு ஐந்து இனிப்பு இருந்தால் உறவு நிற்கும். கண்ணாடி அந்த ஐந்தில் ஒன்று.

கறார் கணக்கர்:
நன்றி. "உயர்த்திப் பார்ப்பது" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதாவது நடந்ததைவிடக் கூட்டிச் சொல்வது. அப்புறம் காட்மனின் ஐந்துக்கு ஒன்று, தம்பதிகள் ஒரு சச்சரவைப் பேசிக்கொண்டிருக்கும்போது கவனித்து எடுத்த கணக்கு. தூங்குகிறவரோடு யார் சச்சரவு செய்வார்?

நூலகப் பூனை:
எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள்.

வேம்பு:
ஆய்வு என்றால் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்டையும் படியுங்கள். வேலைக்குப் போய் வந்து வீட்டில் இரண்டாவது ஷிப்டும் பார்க்கிற பெண்களைப் பற்றி 1989லேயே எழுதியவர். யார் செய்தது நன்றிக்குரிய பரிசு, யார் செய்தது வெறும் கடமை என்று நாம் கணக்கு வைக்கிற விதத்தைத்தான் பிட்டுப் பிட்டு வைக்கிறார். மழைத்துளி தன் கணவருடைய பொருள்களை எத்தனை முறை எடுத்து வைத்திருப்பார்? அவரைக் காதல் நாயகி என்று யாராவது பதிவு போட்டார்களா?

மழைத்துளி:
என் கணவர் பதிவு போடுகிற ஆள் இல்லை. கண்ணாடியை எடுத்து வைக்கிற ஆள்.

அரைத்தூக்கம்:
அக்கா, சூப்பர்!

கறார் கணக்கர்:
உணர்ச்சி வேண்டாம். தமிழில் காதல் பாட்டுக்கா பஞ்சம்? குறுந்தொகையில் 401 பாட்டு. தலைவன் பொருள் தேடப் பாலை வழியே போவான், இல்லாவிட்டால் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வாசலில் வந்து நிற்பான். கண்ணாடி எடுத்து வைத்த தலைவன் ஒருவனாவது உண்டா?

நூலகப் பூனை:
மூக்குக்கண்ணாடி என்கிற பொருளே 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் வந்தது. குறுந்தொகையில் எப்படி இருக்கும்? அதோடு, பரத்தை வீட்டுக்குப் போய் வந்தவனுக்கு அந்தப் பாட்டுகளில் வீட்டுக்குள் நுழைய விடாமல் வாசலிலேயே மறுக்கிறார்கள். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

கறார் கணக்கர்:
பேச்சை மாற்றாதீர்கள். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்?

மழைத்துளி:
சரி, சொல்கிறேன். ஒரு நாள் தூங்குவதுபோல நடித்தேன். முதலில் விரலிடுக்கிலிருந்து புத்தகத்தை உருவினார். பக்கம் மூடிவிடாமல் என் பஸ் டிக்கெட்டை உள்ளே வைத்தார். பிறகு கண்ணாடியின் இரண்டு காதையும் ஒரே நேரத்தில் தூக்கினார், முடியில் மாட்டாமல் இருக்க. வாயால் ஊதித் துடைத்தார். போதுமா?

கறார் கணக்கர்:
போதும். அன்று நீங்கள் தூங்கவில்லை. பதிவில் "தூங்கிவிடுவேன்" என்று இருக்கிறது. பார்த்தது ஒரு நாள், எழுதியது "தினமும்". நான் முதலிலிருந்து சொல்வது இதைத்தான்.

வேம்பு:
வாயால் ஊதியா? எதால் துடைத்தார்?

நூலகப் பூனை:
மழைத்துளி, நேராக அவரையே கேட்டுவிடுங்களேன். இவர் வாயை மூடலாம்.

மழைத்துளி:
கேட்க மாட்டேன். நான் பார்த்தது தெரிந்தால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்.

கறார் கணக்கர்:
இருக்கிற ஒரே சாட்சியையும் விசாரிக்க மறுக்கிறார். குறித்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம்:
கணக்கரே, நீங்கள் கண்ணாடி போடுகிறவரா? ராத்திரி யார் கழற்றி வைக்கிறார்கள்?

கறார் கணக்கர்:
தனிப்பட்ட கேள்வி. தலைப்புக்குச் சம்பந்தமில்லை.

அரைத்தூக்கம்:
ஓ. சரி சரி.

கறார் கணக்கர்:
என்ன "சரி சரி"? ஆதாரம் கேட்டால் ஆளைக் கிண்டல் செய்வதா? குறட்டை விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். அந்தப் பக்கத்தை எடுத்துப் போடவா?

வேம்பு:
பனியனா, துணியா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:
போடுங்கள் கணக்கரே, எல்லாரும் படிக்கட்டும். வேம்பு, பனியன்தான், பனியன்தான், போதுமா?

வேம்பு:
உங்களுக்கு எப்படித் தெரியும்?