மறு: ஐ.எஸ்.ஆர்.சி.க்குத் தமிழில் என்ன?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒவ்வொரு இசைப் பதிவையும் அடையாளம் காட்டும் பன்னாட்டுக் குறியீடான ஐ.எஸ்.ஆர்.சி.க்குத் (ISRC) தமிழில் 'பதிவெண்' போதும் என்று இந்த இழையில் வந்த பரிந்துரையைப் பார்த்தேன். சுருக்கம்தான், ஆனால் பதிவெண் என்றதும் மோட்டார் வண்டி அல்லவா ஞாபகத்துக்கு வருகிறது! தவிர, அது வெறும் எண்ணும் இல்லை. மொத்தம் 12 இடம். முதல் ஐந்தில் எழுத்தும் கலந்து வரும். குறியீட்டை வழங்கியவர் யார் என்பதை அவை சொல்லும். அடுத்த இரண்டு இடம் ஆண்டைக் குறிக்கும், மிச்சம் ஐந்தும் வரிசை எண். அந்த ஆண்டும் பாடிய ஆண்டு அல்ல, குறியீடு கொடுத்த ஆண்டு. 1935இல் பாடியதற்கு 2012இல் குறியீடு கொடுத்தால் உள்ளே 12 என்றுதான் இருக்கும். ஆகவே எண் வேண்டாம், 'குறி' என்றே முடிப்போம்.

பழைய கர்நாடக இசைத்தட்டுகளைப் பட்டியலிடுகிறவர்களுக்கு இந்த ஒரு சொல் மட்டும் போதாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் 10 அங்குல (78 ஆர்.பி.எம்.) தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். கீர்த்தனை நீண்டால் மிச்சத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டுத்தான் கேட்க வேண்டும். லேபிளில் அச்சிட்ட எண் பெரும்பாலும் தட்டுக்கு ஒன்று. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் இருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணோ பக்கத்துக்கு ஒன்று. தட்டை விளக்கில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். அதே பாட்டை மறுபடி வெளியிடும்போது லேபிள் எண் மாறலாம், வளையத்து எண் மாறாமல் இருக்கும். பின்னாளில் இரு பக்கத்தையும் ஒட்டிக் குறுந்தகட்டில் ஒரே தடமாக (track) போட்டால் அதற்கு ஐ.எஸ்.ஆர்.சி. ஒன்றுதான்.

மேட்ரிக்ஸ் என்றதும் 'அணி எண்' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கணக்குப் பாடத்து அணிக்கும் (இலங்கையில் தாயம்) இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அது தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சு.

ஆகவே என் பரிந்துரை: லேபிளில் இருப்பது தட்டெண், வளையத்தில் இருப்பது அச்செண், ஐ.எஸ்.ஆர்.சி. தடக்குறி.

அன்புடன்.

---

வணக்கம்.

தட்டெண்ணும் அச்செண்ணும் அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தடக்குறிதான் இடிக்கிறது. ஐ.எஸ்.ஆர்.சி. இசைக் காணொளிக்கும் உண்டே, அதைத் தடம் என்போமா? 'ஒலிப்பதிவுக் குறி' என்றாலும் அதே தொல்லை. வெறும் 'பதிவுக்குறி' இரண்டுக்கும் பொருந்தும். வண்டி ஞாபகமும் வராது.

அப்புறம், ஐ.எஸ்.டபிள்யூ.சி.யை விட்டுவிட்டீர்கள். அது பாடிய பதிவுக்கு அல்ல, இயற்றிய படைப்புக்குத் தரும் குறியீடு. 'வாதாபி கணபதிம்' ஒன்றுதான், பாடிய பதிவுகள் எத்தனையோ. பாடகர்கள் நாள்தோறும் புழங்கும் 'உருப்படி' இருக்கையில் 'படைப்பு' எதற்கு? அதற்கு உருப்படிக்குறி.

குறியீடு ஏதும் இல்லாத காலத்தில் பாடியவரே குறியாக இருந்தார். 1902இல் கல்கத்தாவில் பதிவான இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொல்வார். தட்டு தயாரானது ஜெர்மனியின் ஹனோவரில். யார் பாட்டு என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

தடக்குறியா பதிவுக்குறியா என்று மற்றவர்களும் சொல்லுங்கள். அதுவரை அட்டவணையில் இரண்டையும் போட்டு வைக்கிறேன்.