ரோட்டோரம் மரம் வைத்துப் பட்ட பாடு

செண்பகப்பித்து:
ரோட்டோரம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம் வேண்டுமென்று வைத்தது செண்பகம். மூன்றாம் வருஷம் கொழுந்தெல்லாம் வெளிறி மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தண்ணீர் ஊற்றினேன், எரு போட்டேன், ம்ஹூம். தூரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தோண்டினால் ஜல்லியும் காரைக்கட்டியும். ரோடு போட்ட மிச்சமெல்லாம் அங்கேதான் புதைந்திருந்தது. ஒரு கட்டி மேல் வினிகர் விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. அந்த நுரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு அதை வேருக்கு விடவில்லை. அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றினேன், அதையும் மண் கட்டிப்போட்டுவிட்டது. இலையில் தெளித்தால் கொஞ்ச நாள் பச்சை. அடுத்த கொழுந்து பழையபடி.

கருங்களி:
எனக்குக் காரை இல்லை, களி. இரண்டடிக் குழியில் நல்ல மண்ணும் தொழுவுரமும் நிரப்பி வேம்பு வைத்தேன். மழை வந்ததும் குழி தொட்டியாகிவிட்டது. சுற்றிலும் களி, தண்ணீர் எங்கே போகும்? கன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேரின் தோல் உறை மாதிரி உருவிக்கொண்டது, அழுகின முட்டை நாற்றம். இப்போது அங்கே நாவல், ஜம்மென்று நிற்கிறது.

நிழல்தாசன்:
ரோட்டோரம் நாவலா? பழம் கொட்டினால் பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுவாரே, யோசித்தீர்களா? புங்கன் வையுங்கள். நான் வைத்த இரண்டில் ஒன்றை லாரி சாய்த்தது, மற்றது இருக்கிறது. என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் தப்பு செய்வது குழியில். ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும், வேர்க்கட்டியைப் போல் 2, 3 மடங்கு. முதலில் வெறும் குழியில் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் வேம்பை மறந்துவிடுங்கள், வைத்தே தீருவேன் என்றால் மேடு கட்டி வையுங்கள். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் சொகுசு என்றால் வேர் எதற்கு வெளியே வரும்? பையில் சுருண்ட வேரை வெட்டிவிடுங்கள், பின்னால் அதுவே தூரை நெரிக்கும். தூர்க்கழுத்தை, அதாவது தண்டும் வேரும் சேருகிற இடத்தை, மண்ணில் மூடவே கூடாது.

கருங்களி:
பாடத்துக்கு நன்றி. பேச்சு வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரத்தைப் பற்றி. புங்கன் இலை கொட்டுமே?

நிழல்தாசன்:
உங்கள் வேம்பு மட்டும் கொட்டாதாக்கும்!

உப்புக்காற்று:
உவர் மண்ணுக்குப் புன்னை. மெள்ளத்தான் வளரும், ஆனால் உப்புக்காற்றில் பக்கத்து மரமெல்லாம் கருகினபோது இதன் இலை மட்டும் எண்ணெய் தடவினது போல் மின்னியது. காய் கோலிக்குண்டு மாதிரி காலடியில் உருளும், சொல்லிவிட்டேன்.

செண்பகப்பித்து:
அது இருக்கட்டும், சுண்ணாம்பு மண்ணுக்கு ஒருத்தரும் பேர் சொல்லவில்லையே? இன்று காலையும் நாலு கொழுந்து, மஞ்சளாகவே.