ரிமோட் கார்ல 3 எஸ் பேட்டரிக்கு மாறினதும் ஸ்பர் பல் மொட்டையாகுது: ஸ்டீல் போட்டா தீருமா?

செம்மண்_தடம் (பல்லடம்)

வணக்கமுங்க. வண்டி 1/10 அளவு ஷார்ட் கோர்ஸ் ரிமோட் டிரக், நாலு சக்கரமும் இழுக்கிறது, பிரஷ்லெஸ் மோட்டார், ஸ்லிப்பர் கிளட்ச் (சுமை ஏறினா வழுக்கிக் குடுக்குறது) உண்டு. ஸ்பர் (பெரிய பல் சக்கரம்) 54 பல், பிளாஸ்டிக். பினியன் (மோட்டார் ஷாஃப்ட்ல இருக்குற சின்னப் பல் சக்கரம்) 13 பல், ஸ்டீல். பல் அளவு 32 பிட்ச். 2 எஸ்ல (ரெண்டு செல் பேட்டரி) ஒரு தொந்தரவும் இல்லீங்க. 3 எஸ் (மூணு செல்) போட்டதுல இருந்து ரெண்டு மூணு சார்ஜுக்குள்ள ஸ்பர் போயிடுது. ஓடுறது செம்மண்ணும் சரளையும். ஸ்டீல் ஸ்பர் போட்டா தீருமா? இல்லாட்டி கோயமுத்தூர்ப் பட்டறையில பினியனும் ஸ்பரும் சொல்லி வெட்டி வாங்கலாமா?

திருமூர்த்தி_ஆர்சி (உடுமலை)

ஸ்டீல் ஸ்பர் போட்டா ஸ்பர் தாங்குமுங்க. அடுத்தது டிஃப் (டிஃபரன்ஷியல்) உள்ள இருக்குற பெவல் பல் போகும், அதுவும் தாங்கினா டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும். தாண்டி இறங்கறப்ப சக்கரம் காத்துல முழு வேகத்துல சுத்திட்டு மண்ணைத் தொட்டதும் சட்டுனு நிக்கும். அந்த அடியை எங்கயாவது ஒரு இடம் வாங்கித்தான் ஆகணும். வாங்க வேண்டியது ஸ்லிப்பர், அதைத் தாண்டினா பிளாஸ்டிக் ஸ்பர். அஞ்சு நிமிஷத்துல மாத்துற சாமான் அது. டிஃப் உடைஞ்சா வண்டியைப் பாதி பிரிக்கணும். அதனால என் கணக்கு இதுதான்: பினியன் கெட்டிப்படுத்தின ஸ்டீல், ஸ்பர் நல்ல நைலான் அல்லது டெல்ரின் (கெட்டியான பிளாஸ்டிக்), டிஃப் உள்ளே ஸ்டீல். அலுமினியப் பினியன் நம்ம மண்ணுக்கு ஆகாதுங்க. மேல் பூச்சு தேஞ்சதும் பல் கத்தி மாதிரி ஆகி ஸ்பரைச் சீவ ஆரம்பிக்கும்.

முதல்ல பல் கணக்கு. 3 எஸ்ல வோல்ட் ஒன்றரை மடங்கு. 54/13 அப்படின்னா 4.15. அதே வேகத்துக்கு 6.2 வேணும், அதாவது 9 பல் பினியன். 9 பல்லுல அடிப்பக்கம் ரொம்பக் குடைஞ்சு இருக்கும், ஸ்பர் பல்லுக்கும் சுமை கூடும். 11 போடுங்க. அப்பவும் 2 எஸ்ஸைவிட கால்வாசிக்கு மேல வேகம் கூடுதலாத்தான் வரும், மோட்டார் சூடும் குறையும். ஓட்டி முடிச்சதும் மோட்டார் 70 டிகிரி தாண்டக் கூடாது.

கழட்டின ஸ்பரைத் தூக்கிப் போட்டுராதீங்க, வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. ஒரே இடத்துல நாலஞ்சு பல் மட்டும் அடியோட பேந்திருந்தா, ஸ்லிப்பர் ரொம்ப இறுக்கம். எல்லாப் பல்லும் நுனி மட்டும் மழுங்கியிருந்தா, மெஷ் (ரெண்டு சக்கரத்துப் பல்லும் கோத்துக்குற இடம்) இடைவெளி அதிகம். பல் உருகி இழுத்த மாதிரி இருந்தா மெஷ் இறுக்கம், இல்லாட்டி ஸ்லிப்பர் லூசா சுத்திச் சூடாகுது. ஒரு பக்கம் மட்டும் சரிவாத் தேஞ்சிருந்தா, மோட்டார் நேரா உக்காரலை.

மெஷ் வைக்க ஒரு துண்டு நோட்டுக் காகிதம் போதும். ரெண்டு பல்லுக்கும் நடுவுல விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடிச்சு ஸ்க்ரூவை இறுக்குங்க. சுத்தி வெளிய எடுத்தா காகிதம் வரிவரியா மடிஞ்சு வரணும், கிழியக் கூடாது. அப்புறம் ஸ்பரை ஒரு முழுச் சுத்து சுத்தி, நாலு இடத்துல விரலால அசைச்சுப் பாருங்க. ஸ்பர் சுத்த வட்டமா இருக்காது, இறுக்கமா வர்ற இடத்துலதான் மெஷ்ஷை முடிவு பண்ணணும்.

ஸ்லிப்பர் நட்டை முழுசா இறுக்கி அரைச் சுத்து தளர்த்துங்க. நின்ன இடத்துல இருந்து முழு திராட்டில் குடுத்தா முதல் ரெண்டு மூணு அடிக்கு மட்டும் வழுக்குற சத்தம் கேட்கணும். அதுக்கு மேலயும் கேட்டா எட்டுல ஒரு சுத்து இறுக்குங்க.

ஹாப்_பட்டறை (கணபதி)

வெட்டி வாங்குற கேள்விக்குச் சொல்றேனுங்க. வெட்டலாம், ஆனா மூணு விசயம் எழுதிக் குடுக்காம வேலையை விடாதீங்க.

ஒண்ணு, மாட்யூல், அதாவது பல்லோட அளவு. பல்லை எண்ணி ரெண்டு கூட்டி, வெர்னியர்ல எடுத்த வெளிவிட்டத்தை அதால வகுத்தா வர்றதுதான் மாட்யூல். 54 பல்லுக்கு 44.45 மி.மீ. வந்தா 32 பிட்ச், 44.8 வந்தா 0.8 மாட்யூல். அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஓடும். 48 பிட்சும் 0.6 மாட்யூலும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் சேராது. பட்டறையில அந்த அளவு ஹாப் (பல் வெட்டுற கருவி) இருக்கான்னு முதல்ல கேளுங்க. பம்புக்கும் ஜவுளி மெசினுக்கும் வெட்டுறவங்க கிட்ட பெரிய மாட்யூல்தான் கைவசம் இருக்கும்.

ரெண்டு, கெட்டிப்படுத்துற ஆழம். இதுலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. 0.8 மாட்யூல் பல்லோட கனமே நடுவுல 1.25 மி.மீ. தான். பெரிய கியருக்குப் போடுற மாதிரி 0.5 மி.மீ. கேஸ் (கெட்டிப்படுத்தின மேல் அடுக்கு) போட்டா ரெண்டு பக்கமும் சேர்ந்து பல் முழுக்கக் கெட்டியாயிடும். அப்புறம் தேயாது, கண்ணாடி மாதிரித் தெறிக்கும். ஈஎன்353 ஸ்டீல் எடுத்து 0.15 மி.மீ. கேஸ், மேற்பரப்புக் கடினம் ராக்வெல் சி 58க்கு மேல கேளுங்க. கெட்டிப்படுத்தாத ஈஎன்8 ஸ்டீல் போட்டா சரளை மண்ணுல தேஞ்சிரும்.

மூணு, ஓட்டை. உங்க மோட்டார் ஷாஃப்ட் 3.17 மி.மீ. தானே? டிரில் விட்ட ஓட்டை எப்பவும் கொஞ்சம் பெருசாத்தான் வரும், பினியன் ஆடும், மெஷ் வீணாகும். சின்னதா டிரில் போட்டு எட்டுல ஒரு இன்ச் ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவுற கருவி) விடச் சொல்லுங்க. ஸ்பருக்கு டெல்ரின் ராடு போதும். ஒரே ஒரு பினியனுக்காக இத்தனையும் பண்றதைவிட கடையில கெட்டிப்படுத்தின பினியன் வாங்குறதுதான் லாபமுங்க. நாலு பேர் சேர்ந்து பத்து பீஸ் போட்டா கட்டுபடியாகும்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

ஸ்பர்ல கிரீஸ் மட்டும் வெச்சிராதீங்க. ஆனி, ஆடிக் காத்துல பறக்குற மண்ணு அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும். கிரீஸ் மூடின கியர்பாக்ஸ் உள்ளே மட்டும். ஸ்பர் மூடியைக் கழட்டி ஓட்டாதீங்க. தோப்புல ஓட்டினா அச்சுல தேங்காய் நார் சுத்தியிருக்கான்னு பாருங்க. பேரிங் சீலைக் கிழிச்சு உள்ள போயிடும், பேரிங் ஆடினா ஸ்பரும் ஆடும்.

செம்மண்_தடம் (பல்லடம்)

அளந்துட்டேனுங்கண்ணா. ஸ்பர் 44.4, பினியன் 11.9. மோட்டார் பக்கம் பல் சரிவாத் தேஞ்சிருக்கு. எதிர்ப்பக்கம் ஒரு மி.மீ. அகலத்துக்குப் புதுசு மாதிரியே இருக்குதுங்க.

திருமூர்த்தி_ஆர்சி (உடுமலை)

பிட்ச் சரி, கோளாறு அந்த ஒரு மி.மீ.லதான் இருக்கு தம்பி. பினியன் மோட்டாரோட ஒட்டி உக்காந்திருக்கு, ஸ்பர் பல்லை முழு அகலத்துக்கும் பிடிக்கலை. 11 பல் போடுறப்ப ஒரு மி.மீ. வெளிய இழுத்து வைங்க. கிரப் ஸ்க்ரூ (பினியனைப் பிடிக்கிற தலையில்லாத ஸ்க்ரூ) ஷாஃப்ட்டோட தட்டையான இடத்துல நேரா விழணும். தட்டை அவ்வளவு தூரம் வரலேன்னா பினியனைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. ஸ்க்ரூவையும் அது ஏறுற ஓட்டையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, நீலத் திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமப் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு. எம்3 ஸ்க்ரூவுக்கு 1.5 ஆலன் கீ, முனை மழுங்கினது வேண்டாம்.

சரிவுக்குக் காரணம் மோட்டார் பிளேட். மோட்டாரோட பின்முனையைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க. பிளேட் வளையுறது கண்ணுக்குத் தெரிஞ்சா அலுமினிய மவுண்ட் வாங்குங்க. ஸ்டீல் ஸ்பருக்கு வெச்சிருந்த காசு அதுக்கே போகட்டும். ஒரு சார்ஜ் ஓட்டினதும் மூடியைத் திறந்து, தேய்மானக் கோடு பல்லோட முழு அகலத்துக்கும் வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.