ஸ்கீயிங் போறதுக்கு முன்னாடி உடம்ப தேத்துன கதை, உங்களுதையும் சொல்லுங்க

தருமபுரி தம்பி:
போன ஜனவரில ஃப்ரெண்ட்ஸோட உத்தரகாண்ட்ல இருக்குற ஔலி போய் ஏழு நாள் ஸ்கீயிங் (கால்ல நீள பட்டைய மாட்டிக்கிட்டு பனில சறுக்கறது) கோர்ஸ் பண்ணேன். நமக்கு பனின்னா ஃப்ரீசருக்குள்ள பாத்ததோட சரி. ரெண்டு மாசம் முன்னாடியே தெனம் காலைல 5 கிலோமீட்டர் ஓடி ரெடியாகிட்டேன்னு நெனப்பு வேற. மொத நாள் மத்தியானமே தொடை ரெண்டும் பத்திக்கிட்டு எரியுது, மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு, கால்தான் நிக்க மாட்டேங்குது. ராத்திரி பாத்ரூம்ல உக்காந்துட்டு எந்திரிக்க செவுத்த புடிச்சேன் (வெஸ்டர்ன்தான், அதுக்கே அந்த கதி).

அப்புறம்தான் புரிஞ்சுது. ஸ்கீல முட்டிய மடக்குன மாதிரியே நிக்கணும், சரிவுல வர்ற வேகத்த பூரா தொடை புடிச்சு நிறுத்தணும். சமதரைல ஓடுனா அந்த வேல ரொம்ப கம்மி. மலைக்கோயில் போனவங்களுக்கு தெரியும், ஏறும்போது மூச்சு வாங்கும், எறங்கும்போதுதான் கால் வெடவெடன்னு ஆடும், மறுநாள் மாடிப்படி எறங்க முடியாது. அதே வலிதான் இது.

அதனால இந்த தடவ காஷ்மீர்ல குல்மார்க் போறதுக்கு எட்டு வாரம் இருக்கும்போதே ஞாயித்துக்கெழமையானா அரூர் பக்கம் தீர்த்தமலைக்கு கெளம்பிடுறேன். ஏறுறது எப்படியோ ஏறிடுறது, எறங்கும்போது மட்டும் ஒவ்வொரு படியா, முட்டிய மெதுவா மடக்கி, எதையும் புடிக்காம. மொத வாரம் கீழ வந்து டீ குடிக்க நின்னா கால் தனியா டான்ஸ் ஆடுது. கடைக்கார அம்மா "என்னப்பா வேண்டுதலா"ன்னாங்க. பனில சறுக்கறதுக்குன்னு எங்க போய் சொல்றது, ஆமாங்கம்மான்னுட்டேன். நாலாவது வாரத்துல வலியே இல்ல.

வீட்ல தோப்புக்கரணம், கீழ போறது மெதுவா, மேல வர்றது சட்டுனு. அப்புறம் செவுத்துல முதுக சாச்சு நாற்காலி இல்லாமயே உக்கார்றது, 20 செகண்ட்ல ஆரம்பிச்சு இப்ப ஒண்ணரை நிமிஷம்.

மாங்கா மண்டி:
நான் கிருஷ்ணகிரி. எனக்கு தொடை இல்லண்ணா, முட்டி. மணாலி பக்கம் சோலாங்ல ஸ்கீ பண்ணும்போது விழுந்தேன், விழுந்ததுல ஒண்ணும் ஆகல, சறுக்கிட்டு இருக்கும்போதே அவசரமா எந்திரிக்க பாத்தேன் பாருங்க, அதுல முட்டி திருகிடுச்சு. லிகமெண்ட், அதான் மூட்டு எலும்புகள சேத்து புடிக்கிற நாரு, அதுல அடி. ஆறு மாசம் பைக் தொடல. விழுந்தா சறுக்கறது முழுசா நிக்கிற வரைக்கும் படுத்தே கெடக்கணும்னு அதுக்கப்புறம்தான் சொல்றாங்க. ஃபிசியோல தொடையோட பின்பக்க தசைக்கும் இடுப்புக்கும்தான் நெறைய வேல குடுத்தாங்க, ஒத்தக்கால்ல நின்னு பல்லு வெளக்க சொன்னாங்க. வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க, இப்ப என் பையனும் அப்படித்தான் வெளக்குறான்.

ஓசூர் மாமா:
ஓசூர் குளிர்ல வளந்தவன்னு பீத்திக்கிட்டு குல்மார்க் போனவன் நான். அது 2,650 மீட்டர் உயரம், பூட்ஸ மாட்டிக்கிட்டு பத்தடி நடந்தாலே இரைக்குது. மொத நாள் சும்மா சுத்துங்க, தண்ணி நெறைய குடிங்க. தம்பி, உங்க தொடை எரிஞ்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கும். பயத்துல எல்லாரும் பின்னாடி சாயுறோம், அப்படி சாஞ்சா மொத்த பாரமும் தொடைல ஏறிக்கும். மொழங்கால் முன்பக்கம் பூட்ஸ அமுக்குற மாதிரி நில்லுங்க. பூட்ஸுக்குள்ள ஒரே ஒரு சாக்ஸ்தான், குளிருதுன்னு ரெண்டு போட்டு கால் மரத்துப்போய் உக்காந்தேன்.

தருமபுரி தம்பி:
மாமா, சாயுறது நூத்துக்கு நூறு உண்மை, டிரெயினர் கத்திக்கிட்டே இருந்தாரு. மண்டிக்காரரே, உங்க ஊர் மலைக்கோட்டை எறங்கி பழக செட்டாகுமா?

மாங்கா மண்டி:
ஆகும்ணா, செங்குத்தாத்தான் இருக்கும். விடியக்காலைலயே வந்துடுங்க, வெயில் ஏறிட்டா பாறைல கை வைக்க முடியாது. மழ பேஞ்ச மறுநாள் மட்டும் வேணாம், ஸ்கீ இல்லாமயே சறுக்கும்.