நீலகிரி மலை ரயில்: ஏறியவர்கள், இறங்கியவர்கள் கவனித்தவை

மேட்டுப்பாளையத்தில் காலை வண்டி நிற்கும்போது பிளாட்பாரத்தில் தவறாமல் காதில் விழும் கேள்வி: "எஞ்சினை ஏன் பின்னாடி மாட்டியிருக்காங்க?" மலை ஏறும்போது எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, தள்ளுகிறது. இணைப்புக் கொக்கி ஒன்று அறுந்துபோனால்கூடப் பெட்டிகள் சரிவில் தானாக உருண்டு ஓடிவிடக் கூடாது. கீழ்ப்பக்கம் எஞ்சின் நின்றால் அது தாங்கிக்கொள்ளும்.

இதனால் ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது. அவருக்குக் கண்ணாக இருப்பவர் முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். பாறையோ யானையோ குறுக்கே இருந்தால் சிவப்புக் கொடி. பலரும் அவரை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

*

மேலே சொன்னதோடு சேர்த்து. பிரேக்ஸ்மேன் முதல் பெட்டியில் மட்டும் இல்லை, பெட்டிக்கு ஒருவர் உண்டு. ஓட்டுநரின் விசில் சத்தத்தைக் கேட்டு ஒவ்வொருவரும் தன் பெட்டியின் கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்குவார், தளர்த்துவார். சக்கரத்துக்கு ஒரு பிரேக், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய சட்டத்தில் ஓடும் பல்சக்கரத்துக்குத் தனியாக ஒரு பிரேக். இறங்கும் வண்டியில் இவர்களுக்கு ஓய்வே கிடையாது. ஏறுவதற்கு எஞ்சினில் பலம் இருந்தால் போதும். இறங்குவதற்கு எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். என்னைக் கேட்டால் இறங்குவதுதான் பெரிய வித்தை.

கால அட்டவணையைப் பாருங்கள்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிமீ ஏற 290 நிமிடம், இறங்க 215 நிமிடம். மலையிறங்கும் வண்டிக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல்!

*

பல்சட்டத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கல்லாறு வரை தரை சமம், சாதாரண ரயில்தான். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் தொடங்கும். குன்னூர் வரை சுமார் 20 கிமீ அவைதான் துணை. இதை ஆப்ட் முறை என்பார்கள். சட்டங்களுக்கு இடையே 44 மிமீ இடைவெளி, தண்டவாளத்தைவிட 65 மிமீ உயரம். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி மாற்றி அமைத்திருப்பார்கள். அதனால் எந்த நொடியிலும் எஞ்சினின் பல்சக்கரம் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தே இருக்கும்.

ஏன் இந்தப் பாடு? சரிவு 12 அடிக்கு ஒரு அடி. இரும்பின்மேல் இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். மழை ஈரமும் உதிர்ந்த இலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இடம் கல்லாறுதான். எஞ்சினின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கீழே உள்ளது மட்டும் வேலை செய்யும், மேல் தண்டு அசையாது. பல்சட்டம் தொடங்கும் இடத்தில் வண்டி ஊர்ந்து போய்ப் பல்லோடு பல் பொருத்திக்கொள்ளும். கீழ் சிலிண்டர் பயன்படுத்திவிட்ட நீராவி மேல் சிலிண்டருக்குப் போக, அதுவரை சும்மா இருந்த மேல் தண்டு ஆடத் தொடங்கும். அதுதான் பல்சக்கரத்தைச் சுழற்றுவது. வேகமாக நுழைந்தால் பல்மேல் பல் ஏறி இரண்டும் சேதமாகும், அதனால்தான் அந்த நிதானம்.

*

எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்தவை, எக்ஸ் வகுப்பு. 1914 முதல் வந்தவை, 1952-ல் வந்தவையும் உண்டு. பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே எண்ணெய் எரிக்கும் புது எஞ்சின்களைக் கட்டினார்கள். 2021-ல் நிலக்கரி எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து வந்தது. குன்னூருக்கு மேலே பல்சட்டம் கிடையாது, சரிவும் குறைவு. அங்கே டீசல் எஞ்சின்.

வரலாற்றில் ஒரு திருத்தம். "1899-ல் ஊட்டிக்கு ரயில் வந்தது" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். 1899-ல் வந்தது குன்னூருக்கு. ஊட்டிக்கு வந்தது 1908-ல். திட்டம் முதலில் பேசப்பட்டது 1854-ல், இடையில் ஒரு கம்பெனியே மூழ்கிப்போனது. யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005.

*

"ஆசியாவிலேயே செங்குத்தான ரயில்" என்ற பெருமையையும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ஜப்பானின் இகாவா பாதையில் 1990-ல் திறந்த ஆப்ட் பகுதி ஆயிரத்துக்கு 90 சரிவு. நம்முடையது சுமார் 83. ஆனால் அங்கே அது ஒன்றரை கிமீ தூரம்தான், அதுவும் மின்சார எஞ்சின். 20 கிமீ நீராவியில் ஏறுவது வேறு கதை.

*

போகிறவர்களுக்கு. குன்னூர் வரை இடப்பக்க ஜன்னல். கடைசிப் பெட்டி எஞ்சினை ஒட்டி இருப்பதால் கரி முகத்தில் வந்து விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது குரங்குகள் வரும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்காதீர்கள், பையோடு போய்விடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து பல்சட்டத்தின்மேல் விழும். பல்லிடுக்கில் ஒரு கல் சிக்கியிருந்தாலும் வண்டி போக முடியாது, அதனால் முழுப் பாதையையும் சுத்தம் செய்து பார்த்த பிறகே விடுவார்கள். அந்த நாட்களில் பெரும்பாலும் ரத்தாவது மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிதான். குன்னூர்–ஊட்டி வண்டி ஓடிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் குன்னூர் போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். ரயில்வேயே ரத்து செய்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பும். கவுன்ட்டர் டிக்கெட்டை மட்டும் மறக்காமல் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.