ராத்திரி முழுக்க ஊறிய ஸ்டேக் இடுக்கியில் பிய்ந்துபோனது – உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

அடுப்பங்கரை

நான்கு நாளாக இதே நினைப்பு, அதனால் எழுதுகிறேன். ஸ்டேக்குக்கு மாட்டின் வயிற்றுப் பக்கத்து ஃபிளாங்க் துண்டு, முக்கால் கிலோ. சோயா சாஸ், பூண்டு, மிளகு, எண்ணெய் எல்லாம் வழக்கம்போலத்தான். புளிப்புக்கும் இனிப்புக்கும் அன்னாசிச் சாறு. போன முறை டின்னில் வரும் சாற்றை ஊற்றினேன், பிரமாதமாக வந்தது. இந்த முறை அக்கா வருகிறாளே என்று நல்ல பழமாக வாங்கி அரைத்து ஊற்றினேன். இரவு 9 மணிக்குப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்ததை மறுநாள் மாலை 6 மணிக்கு எடுத்தேன்.

இடுக்கியால் பிடித்தேன். இடுக்கியின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நடுவில் இறைச்சி இருக்கிறது, ஆனால் கைக்கு அது தெரியவே இல்லை. பாலில் ஊறிய ரொட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. தூக்கினால் துண்டு பைக்குள்ளேயே விழுந்துவிட்டது, இடுக்கியில் சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “கெட்டுப்போச்சாடா?” என்று கேட்டாள். கெட்ட வாடை எதுவும் இல்லை. மனசு கேட்காமல் சட்டியில் போட்டும் பார்த்தேன். மாவு மாதிரி பல்லில் அப்பியது.

டின் சாற்றுக்கும் பழச் சாற்றுக்கும் இவ்வளவு வித்தியாசமா? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

இரும்புச்சட்டி

எனக்கு ஆகியிருக்கிறது, கிவியில்.

அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதுதான் அதன் வேலை. டின்னில் அடைக்கும்போது சூடாக்குவார்கள், அந்தச் சூட்டில் அது செயலிழந்துவிடும். போன முறை நீங்கள் தப்பித்தது அதனால்தான். கிவியில் ஆக்டினிடின், பப்பாளியில் பப்பைன், அத்தியில் ஃபிசின் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று உண்டு. பச்சை இஞ்சியிலும் இருக்கிறது. ஃபிரிட்ஜின் குளிர் இவற்றை மெதுவாக்கும், நிறுத்தாது.

நான் ஒரே ஒரு கிவியை மசித்துத் தடவிவிட்டு போன் பேசப் போனேன். அரை மணி நேரம் என்று நினைத்தது மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. பழத்தைக் கழுவி எடுக்கலாம் என்று தண்ணீர் விட்டால் இறைச்சியின் மேல்பக்கம் நார் நாராகக் கழன்று தண்ணீரோடு போகிறது. குழாயை மூடவும் தோன்றாமல் அந்த நார்கள் சிங்க்கில் சுழன்று போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது கிவி என்றால் 20 நிமிடம்தான், அதுவும் அலாரம் வைத்துவிட்டு.

நீலவானம்

என்னுடையது தேன். யாரும் இன்னும் தேனைச் சொல்லவில்லை.

சோயா சாஸில் மூன்று மேசைக்கரண்டி தேன் கலந்து நான்கு மணி நேரம் ஊறவைத்தேன். வாசனையே அவ்வளவு நன்றாக இருந்தது. சட்டி புகை வரும் அளவுக்குக் காய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள் இல்லையா, அப்படியே காயவிட்டுப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, புகை அடுப்பையே மறைத்துவிட்டது. திருப்பினால் தார் பூசியது மாதிரி கறுப்பு. சரி, உள்ளே நன்றாக இருக்கும் என்று வெட்டினேன். உள்ளே குளிர்ந்த, ஊதா நிறப் பச்சைக் கறி. அந்த வெட்டு முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது: ஓரத்தில் கரி, அதை ஒட்டி நேராகப் பச்சை, இடையில் ஒன்றுமே இல்லை.

தேனில் இருக்கும் ஃபிரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். காய்ந்த இரும்புச் சட்டி 200 டிகிரிக்கு மேல் இருக்கும். இரண்டுக்கும் எப்படி ஒத்துப்போகும்? இப்போதெல்லாம் தேனை ஊறலில் சேர்ப்பதில்லை, இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் பிரஷ்ஷால் தடவுகிறேன்.

கல்லுப்பு

எல்லோரும் எதைப் போடுவது என்று பேசுகிறீர்கள். ராத்திரி முழுக்க ஏன் வைக்க வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே.

நான் ஒருமுறை 24 மணி நேரம் வைத்தேன். கனமான துண்டு, 4 சென்டிமீட்டர் இருக்கும். சோயா சாஸ், ரோஸ்மேரி, பூண்டு, சிவப்பு ஒயின், இருந்த நல்ல பொருள் எல்லாவற்றையும் போட்டேன். சமைக்கும் முன் ஆசையாக நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன். வேட்டிக் கரை மாதிரி ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு, சில மில்லிமீட்டர் அகலம். அவ்வளவுதான். உள்ளே அன்று வாங்கிய கறி மாதிரியே இருந்தது. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தது அந்தக் கோட்டுக்காகவா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பூண்டும் மூலிகையும் மேல்பரப்போடு நின்றுவிடும். எண்ணெய் உள்ளே போகவே போகாது. ஆழமாகப் போவது உப்பு ஒன்றுதான். அதனால் மேரினேட் என்கிற இந்த ஊறலே மேல்பூச்சு என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. விலாப் பக்கத்து ரிப்-ஐ மாதிரி நல்ல துண்டுக்கு அது தேவையே இல்லை, உப்பும் மிளகும் போதும்.

மழைக்காலம்

கல்லுப்பு சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை முடியாது. மேல்பூச்சு என்று தள்ளிவிடலாமா? நாக்கில் முதலில் படுவதே மேல்பரப்புதானே. நீங்கள் வெட்டிப் பார்த்தது 4 சென்டிமீட்டர் துண்டு. வயிற்றுப் பக்கத்து ஸ்கர்ட் மாதிரி மெல்லிய, நார் தளர்ந்த துண்டில் ஊறவைத்துவிட்டு நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து பாருங்கள். ஒவ்வொரு வாயிலும் இரண்டு பக்கத்து ஓரமும் வரும். அங்கே அந்தச் சில மில்லிமீட்டர்தான் மொத்த ருசியுமே. தப்பு மேரினேட் மீது இல்லை, நீங்கள் எடுத்த துண்டு மீது.

என் அனுபவம் இரண்டு வரிதான். ஊறலிலிருந்து எடுத்த கையோடு சொட்டச் சொட்டச் சட்டியில் போட்டேன். சுள்ளென்று சத்தமே வரவில்லை, கொதிக்கிற சத்தம்தான் வந்தது. சாம்பல் நிறத்தில் வேகவைத்த கறி. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இனிமேல் சொல்வதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேலே ஈரம் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் நன்றாக ஏற 140 டிகிரியாவது வேண்டும். அதனால் எடுத்தவுடன் டிஷ்யூ தாளால் ஒற்றுங்கள், ஒருமுறை போதாது, இரண்டு மூன்று முறை. ருசி போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், ஏற வேண்டியது ஏறியாகிவிட்டது. நறுக்கிய பூண்டுத் துணுக்குகளையும் வழித்துவிடுங்கள், அவைதான் முதலில் கருகிக் கசக்கும்.

உப்புக்கு அளவு: இறைச்சி எடையில் நூற்றுக்கு ஒன்று, அதிகம் போனால் ஒன்றரை. அரை கிலோவுக்கு 5 முதல் ஏழரை கிராம். சோயா சாஸ் ஊற்றினால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எலுமிச்சையோ வினிகரோ ஒரு பங்கு என்றால் எண்ணெய் மூன்று பங்கு. புளிப்பு தூக்கலான கலவையில் மெல்லிய துண்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். அமிலம் மேல்பரப்புப் புரதத்தை அடுப்பில்லாமலே வேகவைத்துவிடும், வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக வாடை வரும். கண்ணாடிப் பாத்திரமோ ஜிப் பையோ போதும், பையென்றால் காற்றை நன்றாக அழுத்தி எடுத்துவிட்டால் கலவை குறைவாக இருந்தாலும் எல்லா இடத்திலும் படும். ஒயின் ஊற்றுகிறவர்கள் முதலில் தனியாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

கல்லுப்பு

ஸ்கர்ட் பற்றிச் சொன்னது சரி. ரிப்-ஐ பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

தூறல்

நான் பயந்த கதையைச் சொல்கிறேன். ருசி சம்பந்தப்பட்டது இல்லை.

விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஸ்டேக் நன்றாகவே வந்தது. பையில் அரை கப் ஊறல் மிச்சம் இருந்தது, அவ்வளவு நல்ல சாஸை வீணாக்குவதா என்று அரிந்த துண்டுகள் மேல் அப்படியே ஊற்றிவிட்டேன். மேசையில் வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது, அது பச்சை இறைச்சி 8 மணி நேரம் கிடந்த திரவம். திரும்பிப் பார்க்கிறேன், அவர்களுடைய சின்னப் பையன் இரண்டாவது துண்டைத் தட்டின் சாஸில் தோய்த்துக்கொண்டிருக்கிறான். உதட்டோரம் முழுக்கச் சாஸ். தட்டைப் பிடுங்கினேன். அவன் அழுதான். காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று நாள் தினமும் போன் செய்து பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் உதட்டோரம் இருந்த அந்தச் சாஸ் கண்ணை விட்டுப் போகவில்லை.

சாஸ் வேண்டுமென்றால் இறைச்சியைப் போடும் முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், அல்லது நன்றாகக் கொதிக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊறவைப்பதும் ஃபிரிட்ஜுக்குள்தான், 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ. அடுப்பு மேடையில் ராத்திரி முழுக்க வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அடுப்பங்கரை

எல்லோருக்கும் நன்றி. இரும்புச்சட்டி சொன்னதைப் படித்த பிறகுதான் டின் சாறு விஷயம் புரிந்தது. நேற்று மறுபடி செய்தேன். சோயா சாஸ், எண்ணெய், பூண்டு, மிளகு மட்டும் 4 மணி நேரம், பழச் சாறு கடைசி 20 நிமிடம். மழைக்காலம் சொன்னபடி மூன்று முறை ஒற்றி எடுத்தேன். இடுக்கியில் பிடித்தபோது துண்டு எதிர்த்து நின்றது. அக்கா ஊருக்குப் போய்விட்டாள், அதுதான் வருத்தம்.

மாடிவீடு

தலைப்புக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை, ஆனால் உப்பு பற்றிப் பேசுவதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவே ஒரு நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குள்தான். அதனால் உப்பே இல்லாமல் ஒரு ஊறல் செய்தேன். வினிகர், மிளகு, கடுகு, வறுத்த பூண்டு, தைம், எலுமிச்சைத் தோல் சீவல் எல்லாம் சேர்த்து, ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துச் செய்தேன். வாசனை வீடு முழுக்க இருந்தது. அப்பா முழுவதையும் சாப்பிட்டார். “நல்லா இருக்கும்மா” என்றார்.

பாத்திரம் எடுக்கப் போனபோது பார்த்தேன், அலமாரி ஓரத்தில் இருந்த சோயா சாஸ் புட்டியின் வாயில் காய்ந்து ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நானும் பாத்திரத்தை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

கல்லுப்பு

ஊறலில் போடும் உப்பு உள்ளே பரவிவிடும், நாக்குக்குக் கொஞ்சம்தான் எட்டும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு சேரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு சிட்டிகையை எடுத்துவைத்து, ஊறலில் சேர்க்காமல், அரிந்து தட்டில் வைத்த பிறகு பரல் உப்பாக மேலே தூவிக் கொடுங்கள். நேராக நாக்கில் படுவதால் அந்தச் சிட்டிகையே தூக்கலாகத் தெரியும்.

மாடிவீடு

கேட்டுவிட்டேன். ஒரு சிட்டிகை போடலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன், சிட்டிகையை அப்பாவையே தூவச் சொல்லப் போகிறேன்.