டர்போ சைஸ் தேர்வு: கைக்கு வந்த வண்டிகளில் பார்த்தது

வில்லியனூர் ட்யூனர்
2.0 லிட்டர் பெட்ரோல். ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராடு எல்லாம் போட்டாச்சு. கேட்டது 400 ஹார்ஸ்பவர். மாட்டியிருந்தது காரெட் ஜி30-770 டர்போ, 1.01 ஏ/ஆர் டர்பைன் ஹவுசிங் (எக்ஸாஸ்ட் புகை சுத்துற சக்கரத்தோட கூடு; ஏ/ஆர் எண் பெருசானா பூஸ்ட் லேட்டா வரும்). டைனோவுல (பவர் அளக்கிற மெஷின்) 410 வந்திருக்கு, தாளும் கூடவே வந்துச்சு. ஆனா மூணாவது கியர்ல 3,500-ல முழு த்ராட்டில் கொடுத்தா பூஸ்ட் (டர்போ கூடுதலா தள்ற காத்தழுத்தம்) முள் 0.3 பார்லயே நிக்குது. 4,500-லயும் பெருசா அசையல. 5,000 தாண்டினதும் ஒரே தாவா 1.7. முன் டயர் ரெண்டும் பிடியை விட்டுடுது. ரெட்லைன் 7,200. அவ்வளவு செலவு பண்ணின இன்ஜின்ல உபயோகமான இடம் வெறும் 2,200 ஆர்.பி.எம்.

400-க்கு எவ்வளவு காத்து வேணும்னு போட்டுப் பார்த்திருந்தா இது நடந்திருக்காது. 400 × 12 (காற்று-எரிபொருள் விகிதம்) × 0.55 (பி.எஸ்.எஃப்.சி, ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்கு எத்தனை பவுண்டு பெட்ரோல்ங்கிறது) ÷ 60. நிமிஷத்துக்கு 44 பவுண்டு. 7,200-ல வி.இ. (சிலிண்டர் எவ்வளவு நிரம்புது) 95 சதவீதம், இன்டேக் மேனிஃபோல்டுல காத்து 55 டிகிரின்னு வெச்சா, இவ்வளவு காத்து உள்ளே போக 40 பி.எஸ்.ஐ. அப்சொல்யூட் (வெளிக்காத்தோட அழுத்தத்தையும் சேர்த்த மொத்தம்) வேணும். நம்ம ஊர் கடல் மட்டம், அதனால வெளிக்காத்தோட 14.7 கழிச்சா பூஸ்ட் 25, அதாவது சுமார் 1.7 பார். இன்டர்கூலர்ல 2 பி.எஸ்.ஐ. போயிடும், ஃபில்டர்ல 1. அதையும் சேர்த்தா கம்ப்ரெஸருக்குப் பின்னாடி 42, முன்னாடி 13.7. 42-ஐ 13.7-ஆல வகுக்கணும்: ப்ரெஷர் ரேஷியோ 3.07. கம்ப்ரெஸர் மேப்ல (டர்போ கம்பெனி தர்ற வரைபடம்; கீழே காத்து, பக்கத்துல ரேஷியோ) 44-க்கு நேரா 3.07-ல ஒரு புள்ளி வைங்க. அந்தப் புள்ளி நல்ல எஃபிஷியன்சி வளையத்துக்குள்ள விழுற சின்ன டர்போதான் உங்க டர்போ. ஜி25-660-லயே தாராளமா விழும்.

மஞ்சக்குப்பம் செந்தில்
நான் பார்த்தது இதுக்கு நேர் எதிர். 1.8 லிட்டர் செடான், கம்பெனி டர்போவை அப்படியே வெச்சு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வோட ப்ரோக்ராம் மாத்தம்) மட்டும் ஏத்தியிருந்தாங்க. மே மாச மத்தியானம், வெளியே 38 டிகிரி. கம்ப்ரெஸர் வாய்ல சென்ஸர் மாட்டிப் பார்த்தா 200 டிகிரி! இன்டர்கூலருக்கு முன்னாடி இருந்த சிலிக்கான் ஹோஸ் தொட முடியாத சூட்டுல பளபளன்னு வீங்கி நின்னுது.

கணக்கும் அதையேதான் சொல்லுது. ரேஷியோ 2.6, எஃபிஷியன்சி 60 சதவீதம்னா காத்து 163 டிகிரி ஏறும். அதே ரேஷியோ 75 சதவீத வளையத்துல இருந்தா 130 தான் ஏறும். அந்த 33 டிகிரிதான் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாவே வெடிக்கிறது). ஈ.சி.யு. ஸ்பார்க் டைமிங்கைப் பின்னாடி இழுக்கும், எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும், பவர் குறையும். அதை ஈடுகட்ட இன்னும் பூஸ்ட் ஏத்துவாங்க, டர்போ இன்னும் வேகமா சுத்தும். மேப்ல வலது ஓரத்துக்குப் போயிட்ட டர்போவுக்கு பூஸ்ட் ஏத்தினா காத்து வராது, சூடுதான் வரும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல ஒரு ப்ரெஷர் டேப்பிங் போட்டு அளந்து பாருங்க. டர்பைனுக்கு முன்னாடி இருக்கிற அழுத்தம் பூஸ்டைப் போல ரெண்டு மடங்குக்கு மேல போனா டர்பைன் பக்கம் சின்னது. மேனிஃபோல்டு வேலை பண்ணும்போதே இதுக்கு ஒரு ஓட்டை விட்டு வைக்கிறது நல்லது, அப்புறம் கழட்டிப் போடுறது பெரிய வேலை.

ஈ.சி.ஆர். கணேஷ்
வில்லியனூர் அண்ணே, மன்னிக்கணும், அந்த வண்டியில டர்போ மேலயே பழி போடுறது சரியில்ல. குத்தம் 1.01 ஹவுசிங்கு. அதே டர்போவுக்கு 0.61 கிடைக்குது. டர்பைன் ஹவுசிங் மட்டும் மாத்தினா 800, 1,000 ஆர்.பி.எம். முன்னாடியே பூஸ்ட் வரும். நாளைக்கு 500 கேட்டா கம்ப்ரெஸரை மாத்த வேண்டியதில்லை.

வில்லியனூர் ட்யூனர்
கணேஷ் தம்பி, 0.61 போட்டா பூஸ்ட் முன்னாடி வரும், ஒத்துக்கறேன். ஆனா எங்க வரும்னு மேப்ல பாருங்க. 7,200-ல 44 பவுண்டு குடிக்கிற இன்ஜின் அதே பூஸ்ட்ல 4,000-ல சுமார் 24 தான் குடிக்கும். பெரிய கம்ப்ரெஸருக்கு 3.07 ரேஷியோவுல 24 பவுண்டுன்னா சர்ஜ் கோட்டுக்கு இடது பக்கம். முழு த்ராட்டில்ல இருக்கும்போதே காத்து முன்னும் பின்னும் அடிக்கும். டேட்டா லாக்ல மேனிஃபோல்டு ப்ரெஷர் ரம்பப் பல் மாதிரி வரும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் கேக்குற சத்தம் வேற, அதுக்கு நல்ல ப்ளோ-ஆஃப் வால்வு போதும். லோடுல வர்ற சர்ஜ் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராம பிடிக்கிற த்ரஸ்ட் பேரிங்கைத் தின்னுடும்.

அந்த வண்டிக்கு இப்ப ஜி25-660, 0.72 ஹவுசிங். 3,800-ல 1.2 பார், 4,400-ல முழு 1.7. பவர் 398. வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்துற வால்வு) டேபிள்ல 4,400-க்கு முன்னாடி முழு பூஸ்ட் கேக்காதபடி படிப்படியா ஏத்தியிருக்கு. 12 ஹார்ஸ்பவர் போனது ஓட்டுறவருக்குத் தெரியவே இல்ல.

முதலியார்பேட்டை லேத்
சைஸ் பத்தி எல்லாரும் எழுதிட்டீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்திரா காந்தி சிலை சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது நீலப் புகை கக்கின வண்டி. டர்போ போச்சுன்னு புதுசு ஆர்டர் கொடுக்கப் போயிட்டாங்க. கழட்டிப் பார்த்தா ஷாஃப்ட்ல ஆட்டமே இல்ல. ஆயில் ரிட்டர்ன் பைப் சம்ப்புக்கு (இன்ஜினுக்குக் கீழ இருக்கிற ஆயில் தொட்டி) போற வழியில யூ மாதிரி தொங்குது, அதுல ஆயில் தேங்கி சீல் வழியா மேல ஏறுது.

அதனால பெரிய டர்போ மாட்டுறவங்க இதைக் கொஞ்சம் படிங்க. ரிட்டர்ன் பைப் உள்விட்டம் குறைஞ்சது அரை இஞ்ச், எங்கயும் மேல ஏறாம கீழ் நோக்கியே போகணும், சம்ப்புல ஆயில் மட்டத்துக்கு மேல சேரணும். ரிட்டர்ன்ல வர்றது நுரை கலந்த ஆயில், அது தன் பாரத்துலதான் இறங்கும், யாரும் தள்ளறதில்ல. பால் பேரிங் டர்போன்னா இன்ஜின் முழு வேகத்துல டர்போ வாய்ல 40, 45 பி.எஸ்.ஐ. ஆயில் போதும். அதுக்கு மேல இருந்தா ரெஸ்ட்ரிக்டர் போடுங்க, பொதுவா 1 மில்லிமீட்டர் ஓட்டை. ஜர்னல் பேரிங்ல ரெஸ்ட்ரிக்டர் போடாதீங்க, அதுக்கு ஆயில் அதிகம் வேணும். ஆயில் வாய்ல லிக்விட் காஸ்கெட் தடவவே கூடாது, பிஞ்ச துணுக்கு ஒண்ணு ஓட்டையை அடைச்சா அந்த நிமிஷமே பேரிங் காலி. தண்ணி லைன் இருக்கிற டர்போவுக்குத் தண்ணி லைனைக் கண்டிப்பா இணைங்க. வண்டியை நிறுத்தின பிறகு டர்பைன் சூடு பேரிங்குக்கு ஏறி ஆயிலைக் கரியாக்குறதை அதுதான் தடுக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜெக்டர், இக்னிஷன் ரெண்டையும் பிடுங்கிட்டு ஆயில் ப்ரெஷர் வர்ற வரைக்கும் செல்ஃப் அடிங்க.

செந்தில் தம்பி, அந்த செடானுக்குப் பெரிய டர்போ போடப் போறீங்கன்னா முதல்ல கியர்பாக்ஸ் என்னன்னு பாருங்க. டி.க்யூ.200 (ஃபோக்ஸ்வேகன் குரூப்போட 7 கியர் ஆட்டோமேட்டிக்) ட்ரை கிளட்ச்னா அது 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்குப் பண்ணினது. அதுல எந்த சைஸ் டர்போன்னு பேசறதுக்கு முன்னாடி கிளட்ச் செலவைக் கணக்குல எடுங்க.